நான் எழுதாமல் விட்ட மாத்திரை

1. கையிலிருந்து நழுவிய கட்டு

ஆனையூரில் எங்களுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், முப்பது வருடத்துக்கும் மேலாக இந்த ஒரே வேலையைத்தான் பார்க்கிறேன். என் மனைவி வசந்தா பத்தாவது பாஸ். கல்யாணம் ஆன இரண்டாம் மாதமே, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று கடைக்கு வந்து உட்கார்ந்தாள். ஆறே மாதத்தில் என்னைவிட நன்றாகச் செம்புக் கம்பிக் காயில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. வாடிப்பட்டி, மேலூர் பக்கத்திலிருந்து மோட்டார் கொண்டுவரும் விவசாயிகள், "அக்கா கட்டுவாகளா, நீங்க கட்டுவீகளா?" என்று என்னிடமே கேட்பார்கள்.

அன்று வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றுக்கு வசந்தா காயில் இறக்கிக்கொண்டிருந்தாள். மோட்டாரின் உள்பக்கம் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். அவற்றை ஸ்லாட் என்போம். சுற்றி வைத்த செம்புக் கம்பிக் கட்டை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் விரலால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். அவள் கையிலிருந்து கட்டு நழுவியது. எடுத்தாள், மறுபடியும் நழுவியது. மூன்றாம் முறை அவள் அதை எடுக்கவில்லை. வலது கையை மடியில் போட்டு இடது கையால் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க" என்றாள்.

நான்கு வருடம் முன்பு அவளுக்கு மூளையில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்திருந்தது. புற்றுநோய்க் கட்டி. அதன்பின் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், கீமோ மாத்திரையும் கொடுத்தார்கள். தலைமுடி கொட்டி, திரும்ப வளர்ந்து, அவளும் கடைக்கு வந்துவிட்டாள். நான்தான் ஒவ்வொரு நாளும் அவள் நடையையும் பேச்சையும் ரகசியமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். நான் பயந்த நாள் அந்த வியாழக்கிழமைதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

2. இரண்டு டாக்டர்கள்

முதலில் ஆபரேஷன் செய்த சர்ஜனிடமே போனோம். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பழைய இடத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று புதிதாகத் தெரிந்தது. கட்டி திரும்ப வந்திருப்பதாகத்தான் தோன்றுகிறது, இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அது வலது கையையும் பேச்சையும் நடத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் கை போகலாம், பேச்சும் தடுமாறலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அதுவரைக்கும் மூளை வீக்கம் குறைய ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதலில் முழு டோஸ், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

அந்த மாத்திரையைச் சாப்பிட்ட நான்காம் நாள், வசந்தாவின் கை பழையபடி ஆகிவிட்டது. தலைவலியும் இல்லை. திருப்புளியைப் பிடித்து ஒரு ஸ்க்ரூவை இறுக்கிக் காட்டினாள். இப்படி இருக்கிறவளின் தலையைத் திறந்து கையை எடுத்துக்கொள்ளச் சொல்வதா என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

தப்பு நடந்தது அங்கேதான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மோட்டார் முழுக்க எரிந்துவிட்டதா, ஒரு செட் காயில் மட்டும் போயிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், இன்னொரு கடைக்கு அனுப்பிப் பார்ப்போம். அனுப்பும்போது முதல் கடைக்காரர் பழுதை எழுதிக் கட்டிய டேக்கை அவிழ்த்துவிடுவோம். அவர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று எதையும் சொல்ல மாட்டோம். சொன்னால் இரண்டாவது ஆள் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்க்காமலே அதையே திருப்பிச் சொல்லிவிடுவான். டேக் இல்லாமல் போகிற மோட்டாரைத்தான் ஒழுங்காகச் சோதிப்பான். முப்பது வருடம் இதை நான் செய்திருக்கிறேன். மோட்டார் விஷயத்தில் ஒரு நாளும் கெட்டுப்போனதில்லை.

அதையே வசந்தாவுக்கும் செய்தேன். தல்லாகுளத்தில் கிளினிக் வைத்திருக்கும் மூத்த நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் அவளைக் கூட்டிப்போனேன். பழைய ஃபைலை வீட்டில் வைத்துவிட்டு, புது எம்.ஆர்.ஐ. ஃபிலிமை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆபரேஷன் ஆனது, கரண்ட் வைத்தது என்று ஒரு தாளில் என் கையெழுத்தில் எழுதினேன். இப்போது சாப்பிடும் மாத்திரை என்ற இடத்தில், ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் சாப்பிடும் வலிப்பு மாத்திரையை மட்டும் எழுதினேன். வீக்க மாத்திரையை எழுதினால் முதல் டாக்டர் என்ன நினைக்கிறார் என்று இவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அந்தத் தாளை வசந்தாவிடம் காட்டாமலே நர்ஸிடம் கொடுத்தேன். எல்லாம் அதில் எழுதியிருக்கும் என்று அவள் நம்பினாள்.

டாக்டர் வசந்தாவை நடக்கவிட்டுப் பார்த்தார். தன் விரல்களைப் பிடித்து அழுத்தச் சொன்னார். அவள் அழுத்தியதில் அவரே சிரித்துவிட்டார். பிறகு அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் பேசினார். இம்புட்டு பலம் இருக்கும்போது அவசரம் தேவையில்லை, கரண்ட் வைத்த இடத்தில் சில வருடம் கழித்து மூளைத் திசு செத்துப் படத்தில் இப்படி வெள்ளையாகத் தெரிவது உண்டு, கட்டியாக இல்லாமலும் இருக்கலாம், இரண்டு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

ஒருவர் உடனே வெட்ட வேண்டும் என்கிறார், இன்னொருவர் காத்திருக்கலாம் என்கிறார். எனக்குப் பிடித்ததை நான் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து, "கட்டி இல்லையாம்" என்று வசந்தாவிடம் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் அப்படிச் சொன்னேன்.

3. மோட்டாருக்கு வாய் இல்லை

அடுத்த பத்து நாள் வசந்தா அத்தனை சந்தோஷமாக இருந்தாள். சர்ஜன் குறித்துக் கொடுத்த தேதியைத் தள்ளிப்போட்டோம். அவள் இரண்டு மோட்டாருக்கு முழுதாகக் காயில் கட்டி வார்னிஷ் ஊற்றினாள். மாத்திரைச் சீட்டில் சொன்னபடி டோஸ் குறைந்துகொண்டே வந்தது. பாதியானதும் தலைவலி எட்டிப் பார்த்தது. கால் பங்கானதும் வலது கை மறுபடி தொங்கிவிட்டது.

அவள் பீரோவைத் திறந்து எல்லாச் சீட்டையும் மேசையில் பரப்பினாள். தல்லாகுளம் டாக்டர் எழுதியதை விரல் வைத்துப் படித்தாள். தற்போதைய மருந்து என்ற இடத்தில் வலிப்பு மாத்திரை மட்டும் இருந்தது.

"வீக்க மாத்திரை ஏன் இதுல இல்ல?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். டேக் கழற்றும் கதையை முழுதாகச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"என்னய அஞ்சு எச்.பி.ன்னு நெனச்சீகளா, மூணு எச்.பி.ன்னு நெனச்சீகளா?"

அவள் தல்லாகுளம் சீட்டை என் பக்கம் தள்ளினாள்.

"மோட்டாருக்கு வாய் இல்ல, அது சொல்லாது. எனக்கு வாய் இருக்குல்லங்க. எந்த டாக்டர்ட்ட என்ன சொல்லணும்னு என்னயக் கேட்டிருக்கலாம்ல. போற கை என் கைதான?"

அதற்குமேல் அந்த விஷயத்தில் அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. இடது கையால் ஃபிலிம்களைத் தேதிப்படி அடுக்கினாள். நான்கு வருடத்துப் படங்கள். ஒவ்வொரு கவரிலும் அந்தச் சமயத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டாள், எப்படி இருந்தாள் என்று அவள் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் நான் எப்போது பயந்தேன் என்பதுதான்.

மறுநாள் தல்லாகுளத்தில் அவளே முதலில் பேசினாள். "சார், எங்க வீட்டுக்காரர் பயத்துல ஒரு மாத்திரைய எழுதாம விட்டுட்டாரு. நீங்க புடிச்சுப் பாத்தது மாத்திரை குடுத்த பலம். தப்பு எங்க மேல."

எங்கள் மேல் என்று சொன்னாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஆனால் கோபப்படவில்லை. இந்த மாத்திரை தெரிந்திருந்தால் இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். பிறகு எங்கள் முன்னாலேயே சர்ஜனுக்குப் போன் போட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் மடக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு நல்ல மெக்கானிக் ஒரு மோட்டாரைப் பற்றிப் பேசுவது போல் பேசினார்கள். நீங்கள் அதைப் பார்த்தீர்களா, நான் இதைப் பார்க்கவில்லையே என்றுதான் பேச்சு போனது.

4. சீலிங் ஃபேன்

சனிக்கிழமை சர்ஜனின் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்களும், கரண்ட் வைத்த டாக்டரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மூளையில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் இன்னொரு படமும் எடுத்திருந்தார்கள். வசந்தா அடுக்கிக் கொடுத்த வரிசையில் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தார்கள். அப்போதும் அடித்துச் சொல்ல முடியவில்லை. கட்டியாக இருக்கலாம், செத்த திசுவாக இருக்கலாம், இரண்டும் கலந்திருக்கலாம், எதுவானாலும் வீக்கம் ஏறுகிறது, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். தெரியாததைத் தெரியாது என்று அத்தனை பெரிய படிப்புப் படித்தவர்கள் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

வசந்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கை, பேச்சு ரெண்டுல எது சார் அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு?"

கை என்றார் சர்ஜன்.

"அப்ப எடுத்துருங்க சார். பேச்சு இருந்தாப் போதும், நான் கடையை நடத்திருவேன்."

பேச்சைக் காப்பாற்ற, ஆபரேஷன் நடுவில் அவளை முழிக்க வைத்துப் பேச வைப்பதாகச் சொன்னார்கள். வசந்தா, "வலிக்குமா?" என்று கேட்டாள். அவ்வளவாக வலிக்காது என்றார்கள். "அப்ப சரி" என்றாள்.

உள்ளே நடந்ததை மயக்க மருந்து டாக்டர் பிறகு வந்து சொன்னார். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். மாடு, குடை, சாவி என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். மின்விசிறிப் படம் வந்ததும், "சீலிங் ஃபேன் சார். ஓடாம நிக்கிதா? கண்டென்சர் போயிருக்கும்" என்றாளாம். கத்தி பிடித்திருந்தவர் உட்பட எல்லோரும் ஒரு நிமிடம் வேலையை நிறுத்திவிட்டார்களாம். அதைக் கேட்டுத்தான் அன்று நான் முதல்முறையாக அழுதேன்.

ரிசல்ட் பத்து நாள் கழித்து வந்தது. பெரும்பகுதி செத்த திசு. நடுவில் கொஞ்சம் உயிருள்ள கட்டி. கட்டி திரும்பத்தான் வந்திருந்தது. தல்லாகுளம் டாக்டரும் பாதி சரி, சர்ஜனும் பாதி சரி. நான்தான் முழுத் தப்பு.

5. செவ்வாய்க்கிழமை விஷயம்

இப்போது வசந்தாவின் வலது கையில் மூன்று விரல்கள் பழையபடி இல்லை. கீமோ மாத்திரை மறுபடி ஓடுகிறது. காயில் நான் கட்டுகிறேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஸ்லாட்டுல பேப்பர் சரியா உக்காரல, எடுத்துட்டு வைங்க" என்கிறாள். விவசாயிகளிடம் போனில் பேசுவது முழுக்க அவள்தான். ஒவ்வொரு எம்.ஆர்.ஐ. படத்துக்கும் முன்னால் எனக்குத் தூக்கம் கிடையாது. அவள் தூங்கிவிடுவாள்.

இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டேக்கைக் கழற்றும் வழக்கத்தை மோட்டாரோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால், இரண்டாவது டாக்டரிடம் தாராளமாகப் போங்கள். ஆனால் முதல் டாக்டர் எழுதிய கடைசிச் சீட்டு வரை மேசையில் வையுங்கள். சொல்ல வேண்டியதை நோயாளியைக் கேட்டு எழுதுங்கள். உங்கள் பயத்தைக் கேட்டு எழுதாதீர்கள்.

போன மாதம் செக்கப்புக்குப் போயிருந்தோம். வலிப்பு ஏதாவது வந்ததா என்று சர்ஜன் கேட்டார். "இல்ல சார்" என்றாள் வசந்தா. மேசைக்கு அடியில் அவள் கால் என் காலை மிதித்தது. வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது அவள் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார், கூட்டினால் நாள் முழுக்கத் தூக்கம் வரும், அடுத்த வாரம் பசுமலையில் அவள் அண்ணன் மகள் கல்யாணம். காரணம் எனக்குத் தெரியும். அவளை எதிர்த்துப் பேசவும் எனக்குப் பயம்தான்.

"வந்துச்சு சார். செவ்வாக்கெழம. ஒரு நிமிசம் இருக்கும்" என்றேன்.

மாத்திரையைக் கூட்டி எழுதினார். பஸ்ஸில் வசந்தா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"உங்க மேல கோவமா இருக்கேன்."

"தெரியுது" என்றேன்.

"நீங்க சொன்னதும் சரிதான்."

சிக்னல் விழுந்து பஸ் கிளம்பியது. அவள் ஃபைலை என் மடியில் வைத்தாள்.

"ரெண்டையும் எழுதி வச்சுக்கங்க."