எரியாத முருகன்

எங்கள் பூஜை அலமாரியில் தேக்குச் சட்டம் போட்ட முருகன் படம் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பூ வைக்கிறேன். வைத்த கையோடு ஏதாவது வேலையைத் தேடி நகர்ந்துவிடுகிறேன். அதன் முன்னால் நின்று நிதானமாகக் கும்பிட என்னால் முடிவதில்லை.

தொண்ணூறுகளில் நான் மருமகளாக ஆம்பூரிலிருந்து ஒக்கலிபுரத்து வீட்டுக்கு வந்தபோது, அந்தப் படம் சிவாஜிநகரில் மாமனாரின் ஜவுளிக்கடையில், கல்லாவுக்கு மேலே தொங்கியது. அதற்கு ஊதுபத்தி காட்டாமல் அவர் முதல் துணியைக் கிழிக்கமாட்டார். கடைவாசலில் டெய்லர் அண்ணன் ஒருவர் சொந்த மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். என் ரவிக்கைகள் எல்லாம் அவர் கைப்பட்டவைதான். இரவானால் மிஷினைக் கடைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போவார். ரெடிமேட் கடைகள் பெருகி, வியாபாரம் படுத்திருந்த காலம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்த கடை எரிந்துபோனது. மின்கசிவு என்று சொல்லி மாமனார் இன்ஷூரன்ஸுக்கு எழுதிப் போட்டார். அதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். கேட் சத்தம் கேட்டால் திடுக்கென்று நிற்பார். தட்டில் வைத்த இட்லி அப்படியே காயும். கடை போன துக்கம் என்று நினைத்து நானும் அவரோடு சேர்ந்து தவித்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

விசாரிக்க வந்த அதிகாரி ஒல்லியான மனிதர். கன்னட வாடையடிக்கும் தமிழ் பேசினார். காபியைத் தொடவில்லை. சாமி கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சாக்ஸையும் கழற்றிவிட்டுப் பூஜை அறைக்குள் போனார். உண்மையாகவே கும்பிட்டார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

“கல்லா மேல ஒரு முருகன் படம் இருந்துச்சுன்னு பக்கத்துக் கடைல சொன்னாங்க. தீ புடிக்கறப்ப படம் அங்க இருந்திருந்தா, பின்னாடி சுவர் கொஞ்சமாவது வெளுப்பா நின்னிருக்கும். அங்கயும் ஒரே கரி. இவர்தானே அந்த முருகன்?”

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சனிக்கிழமை சாயந்திரம் மாமனார் அந்தப் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்து வந்ததை நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம். சட்டம் ஆடுகிறது, ஆசாரியிடம் கொடுக்க வேண்டும் என்றார் அன்று. அதையே இப்போதும் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாரோ என்னவோ. ஆசாரி கதையையே சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான்தான் சார் எடுத்துட்டு வந்தேன். சாமிய எரிக்க மனசு வரல.”

அதிகாரி சாக்ஸை மாட்டிக்கொண்டார். கோரிக்கையை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுக்கச் சொன்னார். மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது தன் கையில் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். போலீஸ் வருமென்று பல நாள் பயந்து கிடந்தோம். வரவில்லை.

வந்தவர் டெய்லர் அண்ணன்தான். இன்ஷூரன்ஸ் கைவிட்டுப் போனது என்ற அளவுக்குத்தான் அவருக்குத் தெரியும். ஆறுதல் சொல்ல வந்தவர், அலமாரியில் படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எம் மிஷின் போனா போவுது மொதலாளி. சாமி தப்பிச்சாரே, அது போதும். நீங்க மொதல்ல சாப்புடுங்க.”

டெய்லர் அண்ணன் பிறகு ஆனேக்கல் பக்கம் ஒரு கம்பெனியில் கூலிக்குத் தைக்கப் போய்விட்டார். மாமனார் சாகும்வரை அந்தப் பூஜை அறைக்குள் கால் வைக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. பூ வைக்கும்போது சட்டத்தை மெல்ல அசைத்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அது ஒருநாளும் ஆடியதில்லை.