கழலாத புல்லியும் சாசிபின் லைனும்

காலை ஏழு மணிக்குக் காரின் வலது முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்தான் சாசிப். பள்ளிவாசலில் நடுப்பகல் பாங்கு சொன்னபோதும் அதே அட்டை மேல் அதே போல்ட்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஐம்பத்தாறு வயது. முட்டி இரண்டும் மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் மடங்காது.

பட்டாளத்தில் எட்டு வருஷம் தண்ணி லாரி ஓட்டியவன். வெளியே வந்து தக்காளி ஓட்டினான், சிமெண்ட் ஓட்டினான், கர்பலாவுக்கு யாத்திரைக்காரர்களை ஓட்டினான். கடைசியில் பதினோரு வருஷமாக இந்த லைன். தினமும் காலையில் இராக்கின் நாசிரியா நகரத்திலிருந்து ஐந்து டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போய் சதுப்புக்கரை கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்குவான், மத்தியானம் திரும்ப ஏற்றிவருவான். அதுதான் லைன். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. வாய் வார்த்தை ஒன்றுதான்.

கார் வெள்ளை. பின்பக்கம் உப்பி முன்பக்கம் தாழ்ந்திருப்பதால் தெருவே அதை வாத்து என்று கூப்பிட்டது. வாத்துக்குப் பத்து நாளாக உடம்பு சரியில்லை. இன்ஜினோடு சுற்றும் கிராங்க் புல்லியின் நடு ரப்பர் கிழிந்துவிட்டது. புல்லி ஆடி ஆடி பெல்ட்டைத் தள்ளிவிடும், அப்புறம் தண்ணி கொதிக்கும். இரண்டு தடவை டீச்சர்கள் நடுவழியில் வெயிலில் நின்றார்கள். இன்று பள்ளிக்கூடம் லீவு, நாளைக்கு அரசாங்கப் பரீட்சை ஆரம்பம். கேள்வித்தாள் கட்டை அவர்கள்தான் பிரிக்க வேண்டும்.

"இன்னொரு தடவை நின்னுச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவோம், அபூ நிப்ராஸ். மனசுல வச்சுக்காதீங்க" என்று நேற்று இறங்கும்போது இப்திசாம் டீச்சர் சொல்லிவிட்டாள். மகன் நிப்ராஸின் பெயரைச் சேர்த்து 'நிப்ராஸின் அப்பா' என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள். மெதுவாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

பழைய இரும்புக் கடையில் வேறொரு புல்லி வாங்கி, பிளாஸ்டிக் பையில் பக்கத்தில் வைத்திருந்தான். மாட்டுவதற்கு முன்னால் பழையது வர வேண்டுமே. நடுவில் இருக்கும் ஒற்றை போல்ட் கழன்றால்தான் அது வரும். போல்ட்டைத் திருப்பினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றுகிறது. அதனால் ஐந்தாவது கியரில் போட்டு, மனைவி நாஹிதாவை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லியிருந்தான். அவள் கறுப்பு அபாயா அங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு, மடியில் தட்டை வைத்து வெண்டைக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டே மிதித்தாள்.

"நல்லா மிதி."

"மிதிச்சுட்டுதான் இருக்கேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து மிதிச்சுட்டுதான் இருக்கேன்."

"யாரை?"

"அதைச் சொன்னா ஸ்பானரை எறிவீங்க."

ஸ்பானர் பிடியில் ஒன்றரை மீட்டர் பைப்பைச் சொருகித் தொங்கினான். பைப்பு வளைந்தது, போல்ட் அசையவில்லை. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்குவதே பெரிய வேலையாக இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு முதஷர் ஐஸ் தண்ணி கொண்டுவந்தான். அவனும் லைன்காரன். வயது முப்பத்தைந்து, கார் புதுசு. சாசிப் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு,

"அண்ணே, இதை மறைச்சா எனக்குச் சோறு இறங்காது. இப்திசாம் டீச்சர் போன் பண்ணாங்க. நாளைக்கு என் கார்ல இடம் இருக்கான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சாயந்தரத் தொழுகைக்குள்ள சொல்றேன்னேன். உங்களைக் கேக்காம உங்க லைன்ல கை வைப்பேனா?"

சாசிப் டம்ளரைக் கீழே வைத்தான். பைப்பைப் பார்த்தான். முதஷர் குனிந்து எட்டிப் பார்த்து, "நீங்க திருப்புற பக்கமே தப்புண்ணே. இந்த மாடலுக்கு எதிர் மரை, வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும். என் மச்சான் கார்லயும் இப்படித்தான்" என்றான்.

மற்ற நாளாக இருந்தால் சாசிப் சிரித்திருப்பான். ஐந்து மணி நேரம் ஒரே பக்கம் இழுத்த மனுஷனுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது என்பதே ஆறுதலாக இருந்தது. பைப்பை மாற்றிப் போட்டான். இரண்டு பேருமாகத் தொங்கினார்கள். போல்ட் ஒரு விரல் அகலம் நகர்ந்தது.

"பாத்தீங்களா?" என்றான் முதஷர்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் இழுத்தும் மயிரளவும் நகரவில்லை.

நாஹிதா காலை மாற்றி மிதித்துவிட்டு உள்ளிருந்து கேட்டாள். "அந்தப் பையில இருக்கிற புல்லிக்கு போல்ட் இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதோட மரையைப் பாத்தா எந்தப் பக்கம்னு தெரியாதா?"

சாசிப் பையைப் பிரித்தான். எப்போதும் கழற்றி மாட்டும் சக்கரத்து போல்ட் பக்கத்திலேயே கிடந்தது. இரண்டையும் மூக்கருகே சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். இரண்டிலும் மரை ஒரே பக்கம்தான் சாய்ந்து ஓடியது. சாதாரண மரை. ஒரு மணி நேரமாக இரண்டு ஆம்பளைகள் சேர்ந்து அதை இறுக்கியிருக்கிறார்கள்.

முதஷர் கழுத்தைச் சொறிந்தான். "அப்போ மச்சான் கார் வேற மாடலா இருக்கும்."

"உங்க மச்சான் கார் இருக்கட்டும்" என்றாள் நாஹிதா. "வாத்து ஓடலைன்னா நாளைக்கு யாருக்கு லாபம்னு நான் கேக்க மாட்டேன். நீங்களே கேட்டுக்கோங்க."

அவன் முகம் சுண்டிப்போனது. "அக்கா, என் பிள்ளைங்க மேல சத்தியமா..."

"விடு" என்றான் சாசிப். யார் மேல் கோபப்படவும் அவனிடம் தெம்பில்லை.

இனி ஒரே வழிதான் மிச்சம். இன்ஜினின் பலத்தையே அதன் மேல் திருப்பிவிட வேண்டும். பட்டாளத்தில் செய்து பார்த்தது. ஒருத்தன் விரல் போனதையும் பார்த்திருக்கிறான். கியரை நியூட்ரலில் தள்ளினான். ஸ்டார்ட் ஆகிவிடாதபடி காயில் ஒயரைப் பிடுங்கினான். ஸ்பானரை போல்ட்டில் மாட்டி, பைப்பின் முனையைத் தரையில் ஒரு கட்டை மேல் ஊன்றினான். ஸ்பானர் நகராது, இன்ஜின் சுற்றும், போல்ட் கழன்றாக வேண்டும். முதஷரைத் தெரு முனைவரை விரட்டினான்.

"நாஹிதா, செல்ஃப் அடி. ஒரே ஒரு தட்டு. தட்டினதும் விட்டுடு."

"நான் இந்தச் சாவியைத் தொட்டதே இல்லையே."

"இன்னைக்குத் தொடு."

முதல் தட்டில் இன்ஜின் முனகியது, அவ்வளவுதான். இரண்டாவது தட்டில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பைப்பு துள்ளிச் சாக்கடையில் விழுந்தது. நாஹிதா தட்டைக் கவிழ்த்துவிட்டாள். சாசிப் குனிந்து ஸ்பானரைத் தொட்டான். போல்ட் வெறும் கையாலேயே சுற்றியது.

புல்லி அவ்வளவு சுலபமாக வரவில்லை. இரண்டு லீவரை இருபக்கமும் கொடுத்து நெம்பி, விரல் முட்டித் தோலை அதற்குக் காவு கொடுத்து, ஒருவழியாக உருவினான். புதியதை மாட்டினான், பெல்ட்டைப் போட்டான், காயில் ஒயரைத் திரும்பச் சொருகினான். இன்ஜின் ஓடியபோது சாயந்தர பாங்கு பாதி ஆகியிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே டீச்சருக்குப் போன் போட்டான்.

"சரி பண்ணியாச்சு, டீச்சர். ஆறேகாலுக்கு வர்றேன்."

"வாங்க அபூ நிப்ராஸ். ஆனா முதஷரையும் பின்னாலயே வரச் சொல்லுங்க. பரீட்சை பாருங்க."

பதினோரு வருஷம். சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை. முதஷரைக் கூப்பிட்டுத் தானே சொன்னான்.

"காலி வண்டியையா ஓட்டச் சொல்றாங்க?" என்றான் முதஷர். பிறகு நாஹிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வர்றேண்ணே" என்றான்.

மறுநாள் காலை ஐந்து பேரோடு வாத்து முன்னால் போனது. முதஷர் தனியாகப் பின்னால் வந்தான். சோதனைச் சாவடியில் சிப்பாய் அவனை நிறுத்தி, ஆளே இல்லாமல் எங்கே போகிறாய் என்று கேட்டது சாசிபின் காதிலும் விழுந்தது.

"முன்னாடி போற வாத்து செத்தா தூக்கிட்டு வரணும்" என்றான் முதஷர்.

டீச்சர்களில் ஒருத்தி சிரித்தாள். இப்திசாம் டீச்சர் சிரிக்கவில்லை. வழி நெடுக சாசிப் ரோட்டைப் பார்த்ததைவிட இன்ஜினைக் கேட்டதுதான் அதிகம்.

பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய இப்திசாம் டீச்சர் ஜன்னலருகே நின்று அபாயாவைச் சரிசெய்தாள்.

"முதஷரைப் போகச் சொல்லிடுங்க. மத்தியானம் நீங்க மட்டும் வந்தா போதும்."

"சரி, டீச்சர்."

இறங்கிப் போய்ச் சொல்ல முட்டி இடம் கொடுக்கவில்லை. துணி சுற்றிய கையை ஜன்னல் வழியே நீட்டி, போ என்று இரண்டு தடவை அசைத்தான்.