‘இல்லை’ என்று நிரப்பிய படிவங்கள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏழாவது மாடியில் அமர்ந்து, நான் கண்டிராத ஐரோப்பிய நகரங்களின் சட்டங்களுக்கு எங்கள் நிறுவனம் கட்டுப்படுகிறது என்று எழுதித் தருவது என் வேலை. அங்குள்ள அரசு மருத்துவமனைகளுக்குக் கருவிகள் விற்க டெண்டர் போடும்போது முதலில் ஓர் உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். மோசடி செய்ததுண்டா, வரி ஏய்த்ததுண்டா என்று கேள்விகள் நீளும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. எங்கள் பிரிவில் யாரும் அதைப் புதிதாக நிரப்புவதில்லை. சென்ற முறை கொடுத்ததைத் திறந்து, மருத்துவமனையின் பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பிவிடுவோம். கையில் புத்தகமில்லாமல் பயணம் செய்யாத நானும் அந்தப் படிவத்தை வாசித்ததில்லை.

அன்று இணையதளம் பழைய கோப்பை ஏற்க மறுத்தது. ஒவ்வொரு பதிலையும் நானே குறிக்க நேர்ந்ததால், அந்தக் கேள்வியைப் படித்தேன்: உங்கள் குறையால் அரசு ஒப்பந்தம் ஏதேனும் பாதியில் ரத்தானதுண்டா?

ரத்தாகியிருந்தது. முந்தைய ஆண்டு, ஒரு சிறு நகரத்தில். அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்தவளே நான்தான். அதன்பின் இரண்டு டெண்டர்களுக்கு ‘இல்லை’ என்று அனுப்பி, இரண்டிலும் வென்றிருந்தோம்.

குழுத் தலைவரை என் மேசைக்கு அழைத்தேன். சேலத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மற்ற நேரங்களில் என்னை ‘மேடம்’ என்பார். காரியம் ஆக வேண்டுமென்றால் ‘அக்கா’.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி இல்லைன்னே போடுங்கக்கா. இப்ப ஆமான்னா, போன ரெண்டு தடவ போட்டது என்னன்னு கேக்க மாட்டாங்களா?”

“தெரிஞ்சப்புறம் எப்படிப்பா போடறது?”

“தெரியாத மாதிரி போடுங்க. இவ்ளோ நாள் அப்படித்தான போட்டீங்க.”

அவர் குரலில் குத்தல் இல்லை. பழைய படிவங்களின் அடியில் தயாரித்தவர் என்று என் பெயரும், ஒப்புதல் அளித்தவர் என்று அவர் பெயரும் இருந்தன. மாதத்தவணையில் வாங்கிய வீட்டுக்கு அவர் குடிபுகுந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

‘ஆம்’ என்று குறித்தேன். குறையைச் சரிசெய்ய நாங்கள் எடுத்த நடவடிக்கைகளை விளக்கி எழுதினேன். சரிசெய்ததைக் காட்டினால் போட்டியில் நீடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பழைய ரெண்டு?”

“நம்ம சட்டப் பிரிவுக்கு நானே எழுதறேன்.”

“எழுதினா ரெண்டு பேருமே வீட்டுக்குத்தான், மேடம்.”

அந்த டெண்டரும் எங்களுக்கே கிடைத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி விடுபட்டிருப்பேன். சட்டப் பிரிவுக்கான கடிதம் மடிக்கணினியில் மாதக்கணக்கில் வரைவாகவே இருக்கிறது. மாலையில் மல்லேஸ்வரம் திரும்பும் கேப் மேம்பாலத்தில் ஊரும்போது அதைத் திறக்கிறேன். ஏதேனும் ஒரு சொல்லைத் திருத்தி, சேமித்து, மூடிவிடுகிறேன்.