அம்மை போட்ட வீட்டிலிருந்து கப்பலுக்கு

என் தங்கை கப்பலில் போகிறாள் என்று தெரிந்த அன்று நான் முதலில் செய்த வேலை, என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்ததுதான். எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வாகன உதிரி பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவிலிருந்து ஒருவரை வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக ஒருமுறை பேச்சு வந்தபோது எடுத்த பாஸ்போர்ட் அது. போனது வேறு ஒருவர். தங்கைக்கோ பாஸ்போர்ட் வந்ததே சமீபத்தில்தான். வந்த சூட்டோடு கப்பல்.

அவள் கணவருக்குப் பாரிவாக்கத்தில் சிமெண்ட், பெயிண்ட் கடை. அவர்கள் குடும்பம் முன்பு பயிர் வைத்த நிலமெல்லாம் மனையாகிவிட்டது. அந்த மனைகளில் எழும் வீடுகளுக்கு அவர்கள் கடையிலிருந்துதான் பெயிண்ட் போகிறது. அதிகம் விற்கும் டீலர்களைப் பெயிண்ட் கம்பெனி அவ்வப்போது எங்காவது சுற்றுலா கூட்டிப்போகும். வழக்கமாக ஆண்கள் மட்டும் போவார்கள். இந்த முறை மனைவியோடு, கப்பலில். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இலங்கையில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே கப்பலில் திரும்புவது.

பொறாமையைக்கூட நான் வகை பிரித்துத்தான் வைப்பேன். அவளுக்கு எனக்கு முன்னால் கல்யாணம் ஆனது. அதில் பொறாமை இல்லை. அவளுக்குச் சொந்த வீடு. சேக்காட்டில் நான் இருப்பது வாடகை வீடு. அதில் கொஞ்சம் உண்டு, ஆனால் தாங்கக்கூடிய அளவு. அவள் கல்லூரியைப் பாதியில் விட்டவள், நான் பொறியியல் முடித்தவள்; அந்தக் கணக்கில் நான்தான் மேலே. மீதி இருந்தது கடல். நாலு பக்கமும் கரை தெரியாத இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலேயே சொன்னவள் நான். மெரினாவுக்குப் போனால் அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஞ்சுமிட்டாய்க்காரரைத் தேடுவாள்.

ஒரு வாரம் கழித்து அவளே போன் செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பேச்சு முழுக்கப் பாரிவாக்கத்துப் பேச்சாகிவிட்டது.

"அக்கா, அந்தக் கப்பல் பாரம் ஒண்ணு கீது. போட்டோ ஏத்துனா சுத்திக்கினே கீது, முடிய மாட்டேங்குது. நீ வந்து பாக்குறியா?"

"என்ன பாரம்?"

"ஒடம்பு நல்லாகீதான்னு கேக்குறாங்க. நல்லாத்தான் கீதுன்னா நம்ப மாட்டேங்குது."

அந்தப் படிவம், கப்பலேறுவதற்கு முன் இணையத்தில் செய்ய வேண்டிய சுகாதாரப் பதிவு. ஒவ்வொரு பயணியும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பாஸ்போர்ட் பக்கம், புகைப்படம், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள், பழைய நோய்கள், கடந்த மூன்று வாரத்தில் உடம்புக்கு வந்தவை, கூட இருந்தவர்களுக்கு வந்தவை. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை நிறத்தில் ஒரு அனுமதிச் சீட்டு வரும். அதைத் துறைமுகத்தில் காட்டினால்தான் ஏற முடியும். கப்பல் புறப்படுவதற்கு அதிக நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியோடு ஸ்கூட்டரில் போனேன். வாசல் நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை செருகியிருந்தது. தங்கையின் மாமியார் வாசலிலேயே கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"உள்ள வராத கண்ணு. சின்னதுக்கு அம்மா வந்துகீறா. நீ கடையில உக்காரு, மோர் குட்த்து அனுப்புறேன்."

சின்னது என்பது அவருடைய மூத்த மகனின் பெண் குழந்தை. எல்லோரும் ஒரே வீடு. குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. வெளியார் உள்ளே போகக்கூடாது. தாளிக்கும் வாசனை கூடாது, கறி மீன் கூடாது. அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரை அந்த வீடு மாரியம்மனுடையது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது என்பதால் எனக்கு எதுவும் புதிதில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், வீட்டை ஒட்டியிருந்த கடைக்குப் போனேன்.

பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில், வண்ணம் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புகைப்படம் ஏறாததற்குக் காரணம் சாதாரணம்: கோப்பு பெரிது. தங்கை, கல்யாண ஆல்பத்தில் நெற்றிச்சுட்டியோடு இருந்த படத்தைப் போட்டிருந்தாள்.

"இது பாஸ்போர்ட் போட்டோ இல்ல."

"அதுல நான் திருட்டுப் பொம்பள மாரி கீறேன்கா."

"கப்பல்காரன் அதைத்தான் கேக்குறான்."

படத்தைச் சுருக்கி ஏற்றினேன். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவளும் மாப்பிள்ளையும் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பதில் சொன்னார்கள். காய்ச்சல்? இல்லை. இருமல்? இல்லை. வயிற்றுப்போக்கு? மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்து, இல்லை. தோலில் கொப்புளம், தடிப்பு? இல்லை.

"வீட்ல யாருக்காவது தொத்து நோய் இருக்கா? அப்படி இருக்கிறவங்க கூட இருந்தீங்களா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல அண்ணி. அல்லாரும் குண்டுக்கல்லு மாரி கீறோம்," என்றார் மாப்பிள்ளை.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வேப்பிலைக் கொத்து தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"பாப்பாவுக்கு?" என்றேன்.

"பாப்பாவுக்கு இன்னா?"

"உள்ள படுத்திருக்காளே."

"அது அம்மா வந்துகீறா அண்ணி." கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அதப்போயி நோயின்னுவாங்களா?"

எனக்குள் ஒன்று குதித்தது. சந்தோஷம்தான். அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது. ஆமாம் என்று பதில் போட்டால் இவர்கள் கப்பல் ஏறாமலே போகலாம். அது உண்மையான பதிலும்கூட. எனக்குப் பிடித்ததும் சரியானதும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. அப்படி அமைவது அபூர்வம். அமைந்தபோது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்றும் அந்தக் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

"இதுக்கு ஆமாம்னுதான் போடணும்," என்றேன்.

மாப்பிள்ளை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தங்கை குரலைத் தாழ்த்தினாள். "போட்டா?"

"டாக்டர் பேப்பர் கேப்பாங்க. இல்லன்னா ஏத்த மாட்டாங்க."

"அப்ப இல்லன்னு போடு."

"அடைச்ச கப்பல். உனக்கு வந்து இருந்தா நாலு பேருக்குப் போகும். புள்ளத்தாச்சிங்க இருப்பாங்க, கைக்குழந்தைங்க இருக்கும்."

"அண்ணி, கப்பல்காரனுக்கு நம்ம மாரியாத்தாவ பத்தி இன்னா தெரியும்?" என்றார் மாப்பிள்ளை. "நம்ம ஏறிட்டோம்னா அவன் கண்டானா?"

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு வயித்தெரிச்சல்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஆமா," என்றேன். "எரியுது. அதுக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தம் இல்ல."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து ஒரு டப்பாவைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார்.

வேலையில் நான் ஒரு பாகத்தை நிராகரித்தால், அதைச் செய்தவர் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அளவு தவறினால் தவறியதுதான். அந்த நியாயத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்னொரு கேள்வியும் இருந்தது: டிக்கெட் என் பெயரில் இருந்தால் ஆமாம் என்று போடுவேனா? அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினேன். "இது உன் பதிவு. நீயே அமுக்கு. இல்லன்னு என் கையால போட மாட்டேன்."

அதற்குள் மோர்ச் சொம்போடு மாமியார் வந்துவிட்டார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது.

"இன்னாடா நைனா எழுதப் போற? ஊட்ல அம்மா இல்லன்னா?"

"அப்டி இல்லமா. கப்பலுக்கு..."

"வந்து உக்காந்துகினு கீறவள இல்லன்னு எழுதுவியா? புள்ள மேல எறங்கி கீறா, காதுல விழாதுன்னு நெனச்சியா? நாளைக்கு உன் பொண்டாட்டி மேல வந்து, நான் கீறன்டான்னு காட்டுவா. கீறான்னு எழுது."

"எழுதுனா கப்பல்ல ஏத்த மாட்டாங்கமா."

"மூணாந் தண்ணி ஊத்தாம நானே உங்கள அனுப்ப மாட்டேன். அப்பறம்தானே கப்பலு."

தொற்று, நோய் அடைகாக்கும் காலம், கைக்குழந்தைகள் என்று நான் அடுக்கி வைத்திருந்த எதுவும் அங்கே வேலை செய்யவில்லை. தங்கை மாமியாரைப் பார்த்தாள், வேப்பிலையைப் பார்த்தாள், ஆமாம் என்பதை அமுக்கினாள். மாப்பிள்ளையின் பதிவிலும் அவளே அமுக்கினாள். நான் மோரைக் குடித்தேன். அம்மை வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால், யாரிடமும் எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.

பதிவில் தொடர்புக்கு என் மின்னஞ்சலைக் கொடுத்திருந்ததால் பதில் எனக்கு வந்தது. கப்பலின் மருத்துவப் பிரிவு மரியாதையாக எழுதியிருந்தது. இருவருக்கும் முன்பே அம்மை வந்திருந்தால் மருத்துவரின் கடிதம் போதும். இல்லையென்றால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டும் பரிசோதனை முடிவு வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் ஏற அனுமதி இல்லை.

மாப்பிள்ளைக்குச் சிறு வயதில் போட்டிருந்தது. நெற்றியில் தழும்பு இருக்கிறது. பூந்தமல்லியில் அவர்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் பார்த்த உடனே எழுதிக்கொடுத்தார். தங்கைக்கு வந்ததில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் வந்தது எனக்கு. எனக்குப் போட்ட அன்றே அவளை வேப்பம்பட்டில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வேப்பிலை மேல் படுத்துச் சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே கிணற்றடியில் விளையாடி, புதுப் பாவாடையோடு திரும்பி வந்தாள். அந்தப் பாவாடையின் நிறம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பொறாமைக்கு ஞாபகசக்தி அதிகம்.

ரத்தம் கொடுக்க அவளோடு நானும் போனேன். அவள்தான் கூப்பிட்டாள். ஊசி என்றால் அவளுக்குப் பயம். பரிசோதனைக் கூடத்தில் என் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதிர்ப்புச் சக்தி இல்லன்னு வந்தா?"

"போக முடியாது."

"அவுரு மட்டும் போவாரா?"

"போகலாம்."

"என் எடத்துக்கு உன்ன அனுப்புவாங்களா?"

அதை நான் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தேன். "பேரு மாத்துற தேதி முடிஞ்சிடுச்சு," என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"பார்றா," என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அப்போதுதான் பெயரைக் கூப்பிட்டார்கள். ஊசி போடும்போது என் கையை நகம் பதிய இறுக்கினாள். அவள் போக வேண்டும் என்றும் போகக்கூடாது என்றும் நான் அந்த நேரத்தில் மாறி மாறி நினைத்தேன். இரண்டுமே உண்மையாகத்தான் இருந்தன.

முடிவு மறுநாள் மாலை வந்தது. எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, போதுமான அளவுக்கு மேலேயே. நம்பாமல் டாக்டரிடம் நேரில் கேட்டேன். சின்ன வயதில் லேசாக வந்துபோயிருக்கும் என்றார் அவர். நாலைந்து கொப்புளம், கொசுக்கடி என்று விட்டிருப்பார்கள், சிலருக்கு அப்படி வரும்.

அப்படியென்றால் சித்தி வீட்டில், அந்தக் கிணற்றடியில் விளையாடிக்கொண்டிருந்தபோதே வந்திருக்கும். யாருக்கும் தெரியாமல், அவளுக்கும் தெரியாமல். எனக்கு முதுகிலும் கழுத்திலும் தழும்பு. அவளுக்கு அம்மைகூட வலிக்காமல் வந்துபோயிருக்கிறது. வெகுநாளாக நான் பார்த்துப் பார்த்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் டாக்டர் மேஜைக்கு எதிரே நின்றபோது ஒன்றாகத் திரண்டு வந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.

பிறகு வீட்டுக்குப் போய், கடிதத்தையும் முடிவையும் தெளிவாகப் படமெடுத்து, அளவு சுருக்கி, கேட்ட வரிசையில் ஏற்றினேன்.

இரண்டு அனுமதிச் சீட்டுகளும் புறப்படும் நாளுக்குச் சற்று முன்பு, நான் வேலையில் இருந்தபோது வந்தன. பச்சை நிறம். பாரிவாக்கத்தில் அதற்குள் மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. எனக்கு முன்னால் அளக்க வேண்டிய பாகங்கள் தட்டில் காத்திருந்தன. திரையைப் பார்த்தபடி நின்றேன். இந்தச் செய்தி உலகத்தில் அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். கையுறையைக் கழற்றி, சீட்டுகளை இருவருக்கும் அனுப்பிவிட்டு, வெளியே வந்து அவளைக் கூப்பிட்டேன்.

"வந்துடுச்சு. பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ரெண்டு காப்பி வச்சுக்கோ. போன்லயும் வச்சுக்கோ."

அந்தப் பக்கம் அவள் மாமியாரைக் கூப்பிட்டுச் சொல்வதும், மாப்பிள்ளை கடையிலிருந்து என்ன என்று கேட்பதும் கேட்டன. எல்லாம் அடங்கிய பிறகு மறுபடி போனுக்கு வந்தாள்.

"அக்கா."

"சொல்லு."

"உனக்கு சந்தோஷமா கீதா?"

"இல்ல," என்றேன்.

"தெரியும்," என்றாள். பிறகு, "தலசுத்தலுக்கு எந்த மாத்திர எடுத்துக்கினு போறது?" என்று கேட்டாள். சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.