ஏழு வீட்டுக்கு எடுக்காத ரெலிபோன்

அன்ரனெற்றுக்கு ஐம்பத்துமூன்று வயது. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் பதினேழு வருடமாகச் சட்டி கழுவி, சூப் வடித்து, பல்லில்லாத வாய்களுக்குக் கரட் மசித்துக் கொடுத்து வருகிறவள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. விடிய எழும்பினால் செபமாலை, ஞாயிறென்றால் பூசை, ஒருத்தரோடும் உரத்துக் கதைத்தறியாள். "அன்ரனெற்றின்ர வாயில விரலை வைச்சாலும் கடிக்கமாட்டாள்" என்று ஊராக்கள் அவளை மெச்சுவார்கள். அவளுக்கு அந்த மெச்சல் பிடிக்காது. பல் இருப்பதையே ஒருவரும் கவனிக்கவில்லை என்பதுபோல இருக்கும்.

அவளுக்குள் ஒரு முள் இருந்தது. அந்த முள்ளின் பெயர் பேர்ணடெற்.

இருவரும் தீவுப்பகுதியில் ஒரே ஊர், ஒரே வயது. எட்டு வயதில் கோயிலில் முதல்நன்மை எடுத்த அன்று பிடித்த படத்தில் பேர்ணடெற் நடுவில் நின்று சிரிக்கிறாள். அன்ரனெற்றின் பாதி முகத்தைப் பக்கத்துப் பிள்ளையின் மெழுகுதிரி மறைத்துவிட்டது. பிறகு அகதியாகக் கனடாவில் வந்து இறங்கியதும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடம்தான். பேர்ணடெற் பதினாலாம் மாடி, அன்ரனெற் மூன்றாம் மாடி. கோயிலில் பேர்ணடெற் தனிக்குரலில் பாடினால் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும். அன்ரனெற் பின்வரிசையில் நின்று வாயசைப்பாள். பூசை முடிந்து வெளியே வந்தால் சனம் பேர்ணடெற்றைச் சுற்றி நிற்கும். அவளுடைய குளிர்க்கோட்டை அன்ரனெற் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு தபசுகாலத்தில் அந்தக் காரியம் நடந்தது. பேர்ணடெற் கார் ஓடிக்கொண்டே பாடகர் குழுவுக்கு ஒரு பாட்டைப் போனில் அனுப்பினாள். கண் போனில் இருந்தது. வீதியைக் கடந்து வந்த ஒரு முதியவரை அவள் காணவில்லை. மூன்றாம் நாள் அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கோட்டில் நீதவான் கேட்டபோது பேர்ணடெற் ஒரு சாட்டும் சொல்லவில்லை. "நான்தான்" என்றாள். பதினாலு மாதம் சிறையில் இருக்கும்படி மறியல் விழுந்தது.

அன்ரனெற் அன்று உண்மையாகவே அழுதாள். ஆனால் அந்த அழுகைக்குள்ளும் முள் அசைந்தது. ஞாயிறு தோறும் மன்றாட்டில் பேர்ணடெற்றின் பெயர் சொல்லிச் செபித்தார்கள். பெண்கள் முறைவைத்து மறியலுக்குப் போய்ப் பார்த்தார்கள். பித்தப்பைக் கல்லுக்கு அன்ரனெற் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தி வழி தவறி வந்தவள். பாவம் செய்தால்தானா பெயர் சொல்லிச் செபிப்பார்கள் என்று நினைத்து, நினைத்ததற்காக ஐந்து அருள்நிறை மந்திரம் சொன்னாள்.

ஒன்று மட்டும் பேர்ணடெற்றுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கனடா வந்த ஊராக்கள் சேர்ந்து நடத்தும் ஊர்ச்சங்கத்து வோட்டு.

முன்னொரு காலம் பொடியள் கோஷ்டி கட்டிச் சண்டை பிடித்துத் திரிந்தபோது, அவர்கள் சங்கத்தைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் தலைவர் அமிர்தநாதர் மாஸ்ரர் சங்கச் சட்டமான யாப்பில் ஒரு விதி எழுதினார். மறியல் தண்டனை பெற்றவருக்கு வாக்கில்லை, பதவியில்லை, சங்க மேடையில் இடமில்லை. பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தால் மட்டும் திரும்பக் கொடுக்கலாம். பொடியள் ஒருவரும் அந்த வேலிக்குள் மாட்டவில்லை. மாட்டியது பாட்டுக்காரி ஒருத்தி.

அவள் விட்டுப்போன மாதர் பிரிவுத் தலைவி கதிரைக்கு, போட்டியில்லாமல் அன்ரனெற் வந்தாள். மேடையில் இடமிருந்து மூன்றாவது கதிரை. ஆண்டறிக்கையை மகள் நிரோஷினி வாசிக்க வாசிக்க மனப்பாடம் செய்து, கூட்டத்தில் தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால் சனத்தின் முகமெல்லாம் தெரியும். அவளுடைய முகத்தை ஒரு மெழுகுதிரியும் மறைக்காது.

போன ஐப்பசியில் சங்கத்துக் கடிதம் வந்தது. கணவன் இக்னேசியஸ் பிறம்ரன் வெயாகவுசில் பெட்டி ஏற்றும் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்தபடி வாசித்துக் காட்டினான். கார்த்திகை பதினாறு, ஞாயிறு, பொதுக்கூட்டம். பேர்ணடெற்றுக்கு வாக்குரிமையைத் திரும்பக் கொடுப்பதா, இல்லையா.

"நல்லதுதானே," என்றான் இக்னேசியஸ். "உவள் வந்தால் தை மாசத் தலைவி தெரிவில கட்டாயம் நிப்பாள். திருநாளுக்கும் பாட்டெண்டு ஒரு பாட்டுக் கேக்கலாம்."

"இப்ப பாடுறது என்ன, ஒப்பாரியோ?"

"நான் உன்னைச் சொல்லேல்லையப்பா. நீ பாடுறது ஆருக்குக் கேக்குது?"

அவன் பகிடியாகத்தான் சொன்னான். அவள் தேத்தண்ணிக் கோப்பையை, அவன் குடித்து முடிக்கமுன் எடுத்துக் கழுவிவிட்டாள்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். கடிதம் நிர்வாகத்துக்கு மட்டும்தான். அங்கத்தவர்களுக்கு ரெலிபோனில்தான் சொல்ல வேண்டும். கடிதம் போட்டால் திறந்து பார்க்காதவர்களும், ஈமெயில் என்றால் பிள்ளைகளிடம் கேட்பவர்களுமே பாதிப் பேர். சொல்லாமல் விட்டால் அழைப்பில்லை என்று அர்த்தம். அழைப்பில்லாத கூட்டத்துக்கு ஊரான் ஒருவனும் வரமாட்டான். பெண்களுக்குச் சொல்வது மாதர் பிரிவுத் தலைவியின் பொறுப்பு. அன்ரனெற்றிடம் நம்பர்கள் எழுதிய கொப்பி ஒன்று இருந்தது. சொல்லி முடித்த பெயருக்குச் சிவப்புப் பேனையால் சரி போடுவாள்.

இரண்டு பின்னேரம் இருந்து வரிசையாகப் போன் எடுத்தாள். "அக்கா, நான் அன்ரனெற். பதினாறாந் திகதி பூசை முடியக் கூட்டம். கட்டாயம் வாங்கோ." ஒஷாவாவில் நாலு வீடு, சென் ஜேம்ஸ் ரவுணில் மூன்று வீடு மிஞ்சின. ஏழும் பேர்ணடெற்றோடு பாடிய பெண்கள். சம்மதமென்ற பச்சைச் சீட்டைத் தவிர வேறொன்றும் போடமாட்டார்கள்.

போனைக் கையில் எடுத்தாள். வைத்தாள். பேனையை எடுத்து, ஏழு பெயருக்கும் சரி போட்டாள். கொப்பியை மூடி, அதன்மேல் செபமாலையை வைத்தாள். பிறகு செபமாலையை மட்டும் எடுத்து வேறிடத்தில் வைத்தாள்.

பதினாறாந் திகதி கோயில் மண்டபத்தில் அறுபத்தொரு பேர் கூடினார்கள். வாக்கில்லாதவர்கள் வாக்கெடுப்பின்போது வெளியே நிற்க வேண்டும் என்பதால் பேர்ணடெற் வழமைபோலக் குசினிக்குப் போய் எல்லோருக்கும் ரோல்ஸ் பொரித்தாள். மறியலால் வந்த நாள் தொடக்கம் அதுதான் அவளுடைய இடம்.

செயலாளர் யேசுரட்ணம் எழும்பினான். "ஜெயிலுக்குள்ள இருக்கிறவனையும் வோட்டுப் போட விடுற நாடு இது. எங்கட சங்கம் என்ன, கனடாவை விடப் பெரிசோ?"

"கனடா அந்தோனியார் திருநாள் நடத்துறேல்லைத் தம்பி," என்றார் அமிர்தநாதர் மாஸ்ரர். மண்டபம் சிரித்தது.

பச்சைச் சீட்டென்றால் கொடுக்கலாம், வெள்ளை என்றால் வேண்டாம். அன்ரனெற் வெள்ளையை நாலாய் மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். நாற்பத்தொரு பச்சை தேவை. எண்ணியபோது முப்பத்தெட்டு இருந்தது.

ஒருவரும் கை தட்டவில்லை. "ஆராவது போய் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ," என்றார் மாஸ்ரர் தலையைக் குனிந்தபடி. பிறகு நிமிர்ந்து மூன்றாவது கதிரையைப் பார்த்தார். "அன்ரனெற், நீர்தானே தலைவி."

குசினியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பேர்ணடெற் அகப்பையோடு திரும்பினாள்.

"எத்தினை?"

"முப்பத்தெட்டு."

"எத்தினை வேணும்?"

"நாப்பத்தொண்டு."

பேர்ணடெற் இரண்டு ரோல்ஸைத் திருப்பிப் போட்டாள். "கதவு நீக்கலுக்குள்ளால பாத்தனான். ஒஷாவா ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை. மற்றப் பெட்டையளும் வரேல்லை." எண்ணெயைப் பார்த்தபடி சொன்னாள், "ஆக்களிட்டை வோட்டுக் கேக்கக்கூடாதெண்டு நான் ஒருத்தருக்கும் போன் எடுக்கேல்லை. வெக்கமாயும் இருந்தது. தானா வருவாளவை எண்டு நினைச்சன். மறியலுக்குக்கூட வந்தவளவையடி. உவளவைக்கும் நான் வேண்டாமாப் போட்டன் போல."

இதைத்தான் அன்ரனெற் முப்பது நாற்பது வருடமாகக் கேட்க ஆசைப்பட்டிருந்தாள். பேர்ணடெற்றை ஒருத்தருக்கும் வேண்டாம். கேட்டும்விட்டாள். நாக்கில் வைத்த கற்கண்டு கரைகிற நேரம்கூட அந்த இனிப்பு நிற்கவில்லை. பேர்ணடெற் நல்ல ரோல்ஸாய்ப் பொறுக்கித் தட்டில் அடுக்குவதைப் பார்த்தாள். தனக்கு வோட்டுப் போடாத இருபத்துமூன்று பேருக்கும் சேர்த்துத்தான் அடுக்கினாள்.

அன்ரனெற் மண்டபத்துக்குத் திரும்பினாள். கதிரையில் இருக்கவில்லை. மைக்கைப் பிடித்தாள். இந்த முறை மனப்பாடம் செய்தது ஒன்றும் இல்லை.

"ஒஷாவா, சென் ஜேம்ஸ் ரவுண் ஏழு வீட்டுக்கும் நான் போன் எடுக்கேல்லை," என்றாள். "கொப்பியில சரி போட்டனான். பொய்ச் சரி. அவைக்குக் கூட்டமெண்டே தெரியாது."

"மறந்துபோனியோ பிள்ளை?" மாஸ்ரர் அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

"இல்லை. எரிச்சலில. அவளில எனக்குப் பொறாமை."

முன்வரிசையில் ஒருத்தி, "எங்கட அன்ரனெற்றோ!" என்றாள். இக்னேசியஸ் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யேசுரட்ணம் கொப்பியை வாங்கிப் பார்த்து, "சரியெல்லாம் வடிவாத்தான் போட்டிருக்கிறா," என்றான். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

கூட்டம் செல்லாது என்று தீர்ந்தது. நாலு கிழமை கழித்து, மார்கழிக் குளிரில் திரும்பக் கூடினார்கள். ஏழு வீட்டுக்கும் அன்ரனெற்றே போன் எடுத்து, தான் செய்ததையும் சொல்லி, ஏச்சையும் வாங்கி, அழைத்திருந்தாள். அறுபத்தெட்டுப் பேர் வந்தார்கள். ஐம்பத்திரண்டு பச்சை விழுந்தது. அதில் ஒன்று அன்ரனெற்றின் சீட்டு. பேர்ணடெற்றைக் குசினியில் இருந்து கூட்டிவந்தபோது சனம் எழும்பி நின்று கை தட்டியது. ஒஷாவாப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அன்ரனெற்றும் கை தட்டினாள். உள்ளே முள் பழையபடி குத்தியது. பச்சைச் சீட்டுப் போட்டால் அது விழுந்துவிடும் என்று நினைத்திருந்தாள். விழவில்லை.

மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "இன்னுமொரு விசயம். அழைப்பை வேணுமெண்டு மறைக்கிறவருக்கு ரெண்டு வருசம் வாக்கை நிப்பாட்டலாமெண்டு யாப்பில கிடக்கு. நிப்பாட்டிறதெண்டால் பச்சை, வேண்டாமெண்டால் வெள்ளை. அன்ரனெற், நீர் கொஞ்சம் வெளியில..."

அவளுக்கு வெளியில் என்றால் எங்கே போவதென்று தெரியவில்லை. கால் தானாகக் குசினிக்குப் போனது. அடுப்பில் எண்ணெய் இன்னும் சூடாக இருந்தது. பாதித் தட்டு ரோல்ஸ் பொரிக்காமல் கிடந்தது. பேர்ணடெற் கழற்றி வைத்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய் எண்ணெய்க்குள் விட்டாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் கதிரைகள் நிலத்தில் உரசின. யாரோ இருமினார்கள். தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள், ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இப்போது பேர்ணடெற் உள்ளே சீட்டைக் கையில் வைத்திருப்பாள். எட்டு வருடத்துக்குப் பிறகு அவள் போடும் முதல் வோட்டு தன்னைப் பற்றியது. அந்த நேரத்திலும் அன்ரனெற்றுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவள் உள்ளே, நான் வெளியே. கதவு நீக்கலுக்குள்ளால் பார்த்தாள். மூன்றாவது கதிரை வெறுமையாகத் தெரிந்தது.

கதவு திறந்தது. வந்தது பேர்ணடெற்.

"ஐம்பத்தேழு பேர் உனக்கு மன்னிப்பு. பதினொரு பேர்தான் நிப்பாட்டச் சொன்னவை. உன்ர வோட்டு உன்னட்டைத்தான்."

அன்ரனெற் சிலுவை போட்டுக்கொண்டாள். "நன்றியடி பேர்ணா."

"எனக்கேன் நன்றி? பதினொண்டில ஒண்டு என்ர."

அகப்பை நின்றது.

"என்னடி பாக்கிறாய்?" பேர்ணடெற்றின் குரல் ஏறியது. "எனக்கு எட்டு வருசம். நான் கொன்றுபோட்டன், எனக்கு வேணும்தான். நான் ஒரு நாளும் ஏனெண்டு கேக்கேல்லை. ஆனா நீ வந்து ஒரு சொல் சொன்னாய், உனக்கு எட்டு நிமிசம்! 'பாவம், அன்ரனெற் வாயில்லாப் பூச்சி' எண்டு சொல்லிச் சொல்லி வெள்ளைச் சீட்டை நீட்டுதுகள். எனக்கு ஆரடி அப்பிடிச் சொன்னது? எரிச்சல் வராதோ?"

அன்ரனெற் அவளைப் பார்த்தாள். அந்தக் குரலில் பாட்டு ஒரு சொட்டும் இல்லை. அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்த குரல்தான் அது. தன் தொண்டைக்குள் நாற்பத்தைந்து வருடமாகக் கிடந்த குரல்.

"வரும்," என்றாள். "அது எனக்குத் தெரியாதோ?"

பேர்ணடெற் மூக்கை உறிஞ்சினாள். தட்டில் இருந்து ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்து, சூடு தாங்காமல் வாயை ஊதினாள். "உப்புக் குறைவு."

"நீ குழைச்ச உருளைக்கிழங்கடி அது."

"தை மாசம் உன்ர கதிரைக்கு நான் நிக்கப்போறன். இப்பவே சொல்லிப்போட்டன்."

அன்ரனெற்றுக்கு முள் குத்தியது. குத்தட்டும் என்று விட்டாள். எண்ணெயில் கிடந்தவற்றை வடித்துத் தட்டில் போட்டு, தட்டை அவளுடைய கையில் கொடுத்தாள்.

"நில்லன்," என்றாள். "என்னட்டையும் ஒரு வோட்டிருக்கு."