மீன் தொட்டி மணலைக் கிளறிய சனிக்கிழமை

கடல் மீன் வளர்ப்பவர்கள் தொட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பும்போது மணலின் மேல்பக்கத்தை மட்டும்தான் காட்டுவார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும். அடியில் இருப்பதைக் காட்டினால் உறவு முறிந்துவிடும்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஹாலில், டிவி இருந்த இடத்தில் அப்படி ஒரு உப்புநீர்த் தொட்டி. இரண்டு க்ளவுன் மீன்கள், அவை ஒளிய ஒரு கல், அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மணல். கடையில் வாங்கிய மணல். “கோவளத்துல சும்மா கெடக்கறதைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்த ஒரே ஆளு இவர்தான்” என்று என் மனைவி வருகிற விருந்தாளிக்கெல்லாம் அறிமுகம் செய்துவைப்பாள். மணலை அல்ல, என்னை.

அந்தச் சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். காலையிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

“ஏங்க, போன தடவையே டீச்சர் ஆன்ட்டி மூக்கைச் சுளிச்சாங்க. இன்னைக்கு இந்தத் தொட்டியால ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, திங்கக்கிழமை இது ஹால்ல இருக்காது.”

“எங்க போகும்?”

“உங்ககூடவே போகும். எங்கன்னு நீங்களே பாத்துக்குங்க.”

மணலை ஒரு தடவைக்குக் கொஞ்சமாகத்தான் கிளற வேண்டும் என்று படித்திருந்தேன். ஆனால் விருந்தாளி வருகிற வீட்டில் கொஞ்சமாகச் சுத்தம் செய்கிற பழக்கம் நமக்கு ஏது? ஃபேன் இறக்கை துடைத்தாயிற்று, சோபா உறை மாற்றியாயிற்று, யாரும் எட்டிப் பார்க்காத லாஃப்ட் வரைக்கும் ஒட்டடை அடித்தாயிற்று. அந்த வேகத்தில் நானும் தொட்டியில் இறங்கிவிட்டேன்.

அடி அழுக்கை உறிஞ்சி வெளியேற்றுகிற டியூபின் ஒரு முனை மணலில், மறு முனை என் வாயில். உறிஞ்ச வேண்டும், தண்ணீர் வந்ததும் வாயை எடுத்துவிட வேண்டும். நான் சற்றுத் தாமதமாக எடுத்தேன். அந்த ஒரு மடக்கை விவரித்தே தீருவேன், நான் மட்டும் அனுபவித்தால் எப்படி? முதலில் உப்பு. பிறகு வழவழப்பு. பிறகு பல்லிடுக்கில் நறநறவென்று ஏதோ. அது மணல்தான் என்று நம்ப விரும்புகிறேன். மீன் சாப்பிடுகிறதல்லவா, அதற்கு அப்புறம் நடப்பதெல்லாம் போய்ச் சேர்கிற இடம் மணல்தான் என்பது கொப்பளிக்கும்போதுதான் உறைத்தது. நாக்கை வழித்த வழிப்பில் ருசியே கொஞ்சம் கழன்று வந்திருக்கும்.

அதோடு விட்டேனா? டியூப் அடைத்துக்கொண்டதும் தோசைத் திருப்பியை எடுத்து மணலை அடியோடு புரட்டினேன். மேலே வெள்ளை, நடுவில் சாம்பல், அடியில் தார் மாதிரிக் கறுப்பு. அந்தக் கறுப்பு உடைந்ததும் குமிழிகள் புளுக் புளுக்கென்று கிளம்பின. ஒவ்வொன்றும் ஓர் அழுகிய முட்டை. கூடவே கம்பளிப்பூச்சியின் தம்பி மாதிரி, ரோமம் வைத்த ரோஸ் கலர் புழு ஒன்று நெளிந்து வந்தது. என் விரலைப் பார்த்து அருவருப்போடு திரும்பிப் போனது.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. வாளியில் கலக்கி வைத்திருந்த புது உப்புத் தண்ணீரில் அவற்றை விட்டு, ஏர் பம்பைப் போட்டு, பால்கனியில் வைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். ஹாலெங்கும் ரூம் ஸ்ப்ரே அடித்தேன். இப்போது மல்லிகைப்பூ வைத்த அழுகிய முட்டை.

ஜெபம் நடந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், பாதிப் பேர் மூக்கையும். நீளமாக ஜெபிக்கிற பாஸ்டர் அன்று சீக்கிரமே ஆமென் சொல்லிவிட்டார். அப்புறம் மனைவி தட்டை எடுத்து வந்தாள். முட்டை பஃப்ஸ்.

ஒருவரும் தொடவில்லை.

“எனக்கு சுகர்மா.”

“இப்பதான் டீ குடிச்சேன், சிஸ்டர்.”

ரிட்டயர்டு டீச்சர் ஆன்ட்டி மட்டும் மனைவியின் கையைப் பிடித்து, அன்பாக, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “மனசுல வெச்சுக்காதடா கண்ணு. பேக்கரிக்காரன் உன்னை ஏமாத்திட்டான். முட்டை கெட்டுப் போயிருக்கு.”

பழி பஃப்ஸ் மேல் விழுந்தால் என் தொட்டி பிழைக்கும். “ஆமா ஆன்ட்டி, இந்தக் காலத்துல யாரை நம்பறது?” என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். ஆன்ட்டியை அழைத்துப் போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். “இப்ப மோந்து பாருங்க.”

“ஐயோ கர்த்தாவே! உள்ள என்னம்மா செத்துக் கெடக்கு?”

“இவர் மரியாதைதான் ஆன்ட்டி.”

கூட்டம் மொத்தமும் பால்கனிக்கு ஓடியது. பஃப்ஸ் அங்கேதான் காலியானது. வாளியில் சுற்றிக்கொண்டிருந்த மீன்களைப் பார்த்து டீச்சர் ஆன்ட்டி உருகிவிட்டார். “அழகா இருக்குதுங்களே! நாத்தம் மண்ணுதானே? மீன் என்ன பண்ணுச்சு பாவம்?”

மனைவி யோசித்தாள். “சரி, தொட்டி இருக்கட்டும். மண்ணு ஒரு பொட்டு இருக்கக் கூடாது.”

ஞாயிறு முழுக்க அந்தக் கறுப்புச் சகதியை மக்கில் மொண்டு சாக்கில் கட்டினேன். நகக்கண்ணில் ஏறிய நாற்றம் மூன்று சோப்புக்கும் மசியவில்லை. மட்டன் குழம்புச் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டேன்.

இப்போது தொட்டியின் அடியில் வெறும் கண்ணாடி. மீன் போடுவது அத்தனையும் மறைய இடமில்லாமல் பளிச்சென்று கிடக்கிறது. தினமும் காலையில் சிறுசேரி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், டை கட்டிய கழுத்தோடு குனிந்து, குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்கிறேன். வாயால் அல்ல, ரப்பர் பல்ப் வைத்த குழாய். மனைவி சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தபடி வழிகாட்டுகிறாள்.

“அதோ, கல்லுக்குப் பின்னாடி இன்னொண்ணு. பெருசு.”