பின்அறைக்குப் போன ஸ்பீக்கர் ஒயர்

கோவிந்தராசு அண்ணன் போய்விட்டார். நைட் ஷிப்ட் முடிந்து பெரம்பலூர் பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் இருந்தபோது போன் வந்தது. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே…

பாதியில் இறங்கி, எதிரே வந்த பஸ் ஏறி, திரும்ப அரியலூர்.

தெரியாதவர்களுக்கு… ரெட்டிபாளையம் பக்கம் நான் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையில், பேக்கிங் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் அங்கே இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். கேண்டீன் பழக்கம்.

ரிட்டயர் ஆன கையோடு ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கினார். அதே வருடம் அண்ணி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போனது. அதிலிருந்து பின்அறைக் கட்டிலோடு சரி.

ஒரு ஸ்பீக்கரை ஹாலிலேயே வைத்துக்கொண்டு, இன்னொன்றை அண்ணியின் தலைமாட்டுக்குக் கொண்டுபோனார். ஒயர் எட்டவில்லை. கையில் கிடைத்த பழைய ஒயரையெல்லாம் முறுக்கி, டேப் சுற்றி, முற்றத்தில் துணி காயும் கொடியோடு சேர்த்துக் கட்டி இழுத்துவிட்டார்.

குளித்துவிட்டு வந்து அதே கொடியில் ஈரத் துண்டைப் போடுவார். பாரத்தில் முறுக்கு கழன்றுகொள்ளும். பின்அறையில் பாட்டு நின்றுவிடும். அண்ணி டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார்.

"என்னங்க, மறுபடியும் துண்டப் போட்டீங்களா?"

உடனே எனக்கு போன். "இன்ஜினியரு, ஒரு எட்டு வந்துட்டுப் போப்பா."

ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு இதெல்லாம் தேவையா… எரிச்சலோடுதான் போவேன்.

"அண்ணே, இது ஒயரா, வைக்கோல் பிரியா?"

"பாடுதுல்ல?"

"எங்க பாடுது?"

"காலைல பாடுச்சுப்பா."

கடைசியில் பெரம்பலூரில் நல்ல ஸ்பீக்கர் ஒயர் வாங்கிவந்தேன். ஒரே ஒயராகப் போடத்தான் நினைத்தேன், கடையில் அவ்வளவு நீளம் இல்லை. ஒரு ஜாயின்ட் போட வேண்டியதாயிற்று. ப்ளஸ்ஸும் மைனஸும் ஒரே இடத்தில் உரசாதபடி ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு சூடு காட்டி… கொடியை விட்டு விலக்கி, சுவரோரமாக கிளிப் அடித்தேன்.

"இதுல துண்டு போட்டீங்கன்னா இனிமே வரமாட்டேன்."

"செவுத்துல எப்புடிப்பா துண்டு போடறது?"

அதோடு முடியவில்லை. அவர் கேட்கும் பழைய பாட்டுகளில் பாடுகிறவர் குரல் இரண்டு ஸ்பீக்கரிலும் வரும். ஆனால் குழல் ஒன்றில், பிடில் இன்னொன்றில். ஒரே அறையில் இரண்டும் இருந்தால் சரி. இங்கே அண்ணனுக்குக் குழல், அண்ணிக்குப் பிடில்.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருக்கிறது. அமுக்கினால் இரண்டு பக்கமும் எல்லாமே வரும். அமுக்கிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனால் பட்டன் பழையபடி. மறுபடி அமுக்கினேன். மறுபடி எடுத்துவிட்டார்.

"ஏண்ணே, சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

"கத்தாத. செத்த நேரம் உக்காரு."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்அறையிலிருந்து அண்ணியின் குரல். "என்னங்க, அங்க குழல் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. அங்க?"

"பிடிலுதான். இழுத்துக்கிட்டே கெடக்கான்."

அண்ணன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "வுழுந்ததுலேர்ந்து கஞ்சி வேணும், வேணாம், அம்புட்டுதான் பேச்சு. இப்பத்தான் வாயத் தொறக்குறா. அங்கயே எல்லாம் கேட்டுச்சுன்னா, அவ எதுக்குப்பா என்னயக் கூப்புடப் போறா?"

அதன்பிறகு அந்தப் பட்டனை நான் தொடவில்லை.

அவர் மகள் வந்து சேர்ந்ததும் சாயங்காலம் எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து வந்து, முற்றத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். கொடியில் அவர் துண்டு காய்ந்து கிடந்தது.

அண்ணி கூப்பிடுவதாகச் சொன்னார்கள். பின்அறைக்குப் போனேன். ஹால் ஸ்பீக்கரையும் இங்கேயே கொண்டுவந்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்று தலையாட்டினார்.

"பதினாறு முடியட்டும் தம்பி. அப்பறமா வந்து அந்தப் பட்டன அமுக்கி வுட்டுட்டுப் போ."

எந்தப் பட்டன் அண்ணி என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"நீ அமுக்குவியே, அவரு எடுத்து வுட்டுக்கிட்டே இருப்பாரே… அதுதான்."

சரி அண்ணி என்றேன்.

தூக்கமில்லை, கண் எரிகிறது. நாளைக்கும் ஷிப்ட்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். அங்கே யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும்தான் அண்ணே.

இங்கே எழுதிச் சொல்லிக்கொள்கிறேன்… வரேண்ணே.